‘எனக்கு இந்தியர்கள் சரிப்படாது’: துணை தேடிய காலத்தில் கற்றது

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான். இருபதுகளின் பிற்பாதியில் ஒரு பக்கம் நான் டேட்டிங் செயலிகளில் துணை தேடினேன். இன்னொரு பக்கம் அம்மாவும் பெரியம்மாவும் திருமணத் தளங்களில் எனக்கு வரன் பார்த்தார்கள். கடைசியில் நான் கட்டிக்கொண்டது ஒரு சீனரை. இப்போது என் சித்தி மகள்களும் அவர்களுடைய தோழிகளும் அதே வயதில் நிற்கிறார்கள். ‘இன்ன இனத்துக்காரர்தான் எனக்குப் பிடிக்கும், இன்னாரைப் பிடிக்காது என்று சொன்னால் அது இனவாதமா அக்கா? அது என் சொந்த விருப்பம் இல்லையா?’ என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

யார் மீது மனம் போகிறது என்பதற்கு எவரும் கணக்குக் கேட்க முடியாது. யாரையும் காதலிக்கும் கடமை யாருக்கும் கிடையாது. ஆனால் ஒருவர் முகத்தைப் பார்க்கும் முன்பே, ஒரு வார்த்தை பேசும் முன்பே, அவர் பிறந்த இனத்தை மட்டும் வைத்து ‘இவர்கள் வேண்டாம்’ என்று விதி போட்டுக்கொண்டால் அது இனவாதம்தான். விதி போட்டவர் நல்லவராக இருக்கலாம், எல்லா இனத்திலும் நண்பர்கள் வைத்திருக்கலாம். அதனால் அந்த விதியின் தன்மை மாறிவிடாது.

செயலியில் ஒருவரோடு சில வாரங்கள் பேசிக்கொண்டிருந்தேன். சீனர், பொறியாளர். இருவருக்கும் ஓடுவதில் ஆர்வம். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும் பாதை, எந்த உணவங்காடியில் மீன் சூப் நன்றாக இருக்கும், கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் அவர் பட்ட பாடு என்று பேச்சு தடங்கலில்லாமல் போனது. நேரில் பார்க்கலாமா என்று கேட்டபோதுதான் சொன்னார். ‘உங்களோடு பேசப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தியப் பெண்கள் எனக்குச் சரிப்படாது. தவறாக நினைக்காதீர்கள், வெறும் விருப்பம்தான்.’

நான் கோபப்படவில்லை. ‘இதுவரை எத்தனை இந்தியப் பெண்களோடு பழகியிருக்கிறீர்கள்?’ என்று கேட்டேன். பள்ளியில் வகுப்புத் தோழிகள் இருந்தார்களாம், நெருக்கம் இல்லையாம். பிறகு ஏன் சரிப்படாது என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்தார். கடைசியில் தலைக்கு வைக்கும் எண்ணெய், குழம்பு வாசம் என்று ஏதோ எழுதினார். என் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று அவர் பார்த்ததே இல்லை. 2011-இல் ஒரு குடும்பம் குழம்பு வைக்கும் வாசம் பக்கத்து வீட்டுக்குப் பிடிக்கவில்லை என்ற செய்தி வந்தபோது, எல்லா இனத்தவரும் ஒரே நாளில் வீட்டில் குழம்பு வைத்து ஆதரவு காட்டிய ஊர் இது. அந்த ஊரிலேயே வளர்ந்த ஒருவருக்கு, நேரில் பார்த்தே இராத ஒரு பெண்ணின் வாசம் எப்படித் தெரிந்தது? அவரைச் சுற்றிப் பல வருடங்களாகப் பேசப்பட்ட பேச்சிலிருந்துதான் தெரிந்தது. அதை அவர் தன் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்.

விருப்பம் மனத்தில் தானாக முளைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். தொலைக்காட்சி நாடகத்தில் யார் கதாநாயகி, யார் வேலைக்காரி, முகப்பூச்சு விளம்பரத்தில் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குப் போனால் வேலை கிடைக்கிறது, இதையெல்லாம் பார்த்துத்தான் கண் பழகுகிறது. அமெரிக்காவில் ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தள நிறுவனம் தன் பயனர்களின் தரவை 2009-லும் மறுபடி 2014-லும் வெளியிட்டது. கறுப்பினப் பெண்களும் ஆசிய ஆண்களும் மற்ற இனத்தவரிடமிருந்து மிகக் குறைந்த மதிப்பைப் பெற்றிருந்தார்கள். லட்சக்கணக்கானவர்களின் ‘சொந்த’ விருப்பம் இப்படி ஒரே திசையில் சாய்ந்தால் அதை ஒவ்வொருவரின் தனி ரசனை என்று எப்படிச் சொல்வது? ஆஸ்திரேலியாவில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களிடம் டென்டன் கேலண்டரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. துணை தேடும்போது இனம் பார்ப்பதில் தவறில்லை என்று நினைப்பவர்களுக்கும், பொதுவாக இனவாத மனப்பான்மை உள்ளவர்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அதில் தெரிந்தது. ‘படுக்கையறை வேறு, பொதுவெளி வேறு’ என்ற வாதத்தை அதற்குப் பிறகு நான் ஏற்றுக்கொள்வதில்லை.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. ஒரு சீனர் ‘இந்தியர் வேண்டாம்’ என்று விதி வைத்தால் அவர் இழப்பது நூறில் ஒன்பது பேரை. அவர் அதை உணரக்கூட மாட்டார். அவரைப் போலப் பலர் அதே விதியை வைத்தால் என் போன்ற ஒருத்திக்கு நூறில் எழுபத்து நான்கு பேரின் கதவு மூடுகிறது. பெரும்பான்மையின் விருப்பமும் சிறுபான்மையின் விருப்பமும் ஒரே எடை இல்லை என்பதை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

இப்படி ஒருவர் சொல்லும்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் விதிவிலக்கு என்று நிரூபிக்கப் போகாதீர்கள். ‘நான் அந்த மாதிரி இந்தியப் பெண் இல்லை’ என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது. அதைச் சொன்ன மறுநொடி மற்ற எல்லாரையும் நீங்களே தள்ளிவிட்டதாக ஆகிவிடும். ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வந்தால் கேளுங்கள், பிறகு விலகுங்கள். நேரமும் மனமும் மிச்சம்.

விரும்பி வருகிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். ஒருவர் முதல் நாளே ‘எனக்கு இந்தியப் பெண்கள் என்றால் உயிர்’ என்றார். அந்தக் கண், அந்த இடுப்பு, அந்தக் கூச்சம் என்று அடுக்கினார். என் கூச்சத்தை அவர் எங்கே கண்டார்? அடுத்த சந்திப்புக்குப் புடவை கட்டி வரச் சொன்னார். என் வேலை என்ன, எதற்குச் சிரிப்பேன், எதற்கு எரிச்சல் வரும், எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒதுக்குவதும் ஏங்குவதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டிலும் நான் இல்லை, என் இனம்தான் இருக்கிறது. அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. அவர் உங்களைப் பற்றிச் சொல்லும் பாராட்டுகளில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு தமிழ்ப் பெண்ணின் பெயரைப் போட்டுப் பாருங்கள். எல்லாமே பொருந்தினால் அந்தப் பாராட்டு உங்களுக்கானது இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். சீனரைக் குறை சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் வைத்திருந்த பட்டியலில் நிறம் இருந்தது, சாதி இருந்தது, ஊர் இருந்தது. ‘தமிழ்ப் பையன் கிடைக்கவில்லை என்றால்’ என்று ஒரு பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. தேக்கா சந்தையில் வாங்கி வந்த நெத்திலியைப் பெரியம்மா சமையலறை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“சீனன் வேணாம்மா. நம்ம சாப்பாடு, சாமி எதுவும் ஒத்துவராது. நாளைக்கே பன்னிக்கறி ஆக்கச் சொல்லுவான்.”

“வெள்ளைக்காரரா இருந்தா, பெரியம்மா?”

“அது வேற. அவங்க மரியாதையா வச்சுக்குவாங்க.”

“அவங்களும் பன்னி சாப்பிடுவாங்க. மாடும் சாப்பிடுவாங்களே.”

“அத நாம சொன்னா விட்டுடுவாங்க.”

“சீனர் சொன்னா விடமாட்டாரா?”

பெரியம்மா நெத்திலியைப் பார்த்தபடியே இருந்தார். நான் விடவில்லை.

“சரி, ஒரு ஆப்பிரிக்கர். சைவம். கோயிலுக்கு வர்றார். தமிழ்கூடப் பேசுறார். அவர்?”

“ஏண்டி இப்படியெல்லாம் பேசுற!” என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். பேச்சு அங்கே நின்றது.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த சோதனையைத்தான் இன்றும் எல்லாருக்கும் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் காரணம் எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறதா? சாப்பாடு காரணம் என்றால் வெள்ளையருக்கும் அது காரணமாக இருக்க வேண்டும். வழிபாடு காரணம் என்றால், கோயிலுக்கு வரும் ஆப்பிரிக்கர் தேற வேண்டும். ஒரு இனத்துக்குக் காரணம் தளர்ந்து இன்னொரு இனத்துக்கு இறுகினால், பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. வெள்ளை மேலே, கறுப்பு கீழே, நாம் நடுவில். அந்த வரிசையைப் பெரியம்மா உருவாக்கவில்லை. காலனி ஆட்சியும் சாதியும் விளம்பரமும் சேர்ந்து கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் எங்கள் சமையலறையில் அதை நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தது அவர்தான்.

இந்த வரிசைக்கு இணையதளங்கள் பொத்தானே வைத்துக் கொடுத்திருந்தன. ஷாதி டாட் காம் என்ற திருமணத் தளத்தில் தோல் நிறத்தை வைத்து வரனை வடிகட்டும் வசதி 2020 ஜூன் வரை இருந்தது. வட அமெரிக்காவில் வாழும் தெற்காசியப் பெண்கள் அதை எதிர்த்து மனு தொடங்கிய பிறகுதான் எடுத்தார்கள். அதே மாதம் தன்பாலீர்ப்பு ஆண்கள் துணை தேடும் கிரைண்டர் செயலியும் இன வடிகட்டியை நீக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதற்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பு இல்லாமல் அந்த இரண்டும் அத்தனை சீக்கிரம் நடந்திருக்காது. நிறப் பெட்டியை எடுத்துவிட்டார்கள், புகைப்படத்தைப் பார்த்து வீட்டில் நடக்கும் வடிகட்டல் அப்படியே இருக்கிறது. சாதிப் பெட்டியைப் பற்றிப் பேசவே இன்னும் தயக்கம். சாதி பார்த்து மணம் முடிப்பதை ‘பழக்கவழக்கம்’ என்று சொல்லிக்கொண்டு, இனம் பார்க்கும் சீனரை மட்டும் கண்டிக்கும் தமிழரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, எந்த எதிர்பார்ப்பும் வைக்கக்கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம். சொல்லும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. என் தோழி ஒருத்தி ‘மலாய்க்காரரை மணக்க மாட்டேன்’ என்று சொல்லிவந்தாள். துருவிக் கேட்டால் அவளுக்கு மதம் மாற விருப்பமில்லை. நியாயமான காரணம், இங்கே முஸ்லிம் திருமணப் பதிவகத்தில் மணம் செய்ய இருவரும் முஸ்லிமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் ‘மதம் மாற மாட்டேன்’ என்று சொன்னால் போதும். அந்த வரி தமிழ் முஸ்லிமுக்கும் பொருந்தும்; மதம் மாறத் தேவையில்லை, பொதுப் பதிவகத்திலேயே பதிந்துகொள்ளலாம் என்று ஒரு மலாய்க்காரர் சொன்னால் அவருக்குக் கதவும் திறக்கும். மலாய்க்காரர் என்ற சொல் அங்கே தேவையே படவில்லை.

மொழி விஷயத்தில் எனக்கே பலமான ஆசை இருந்தது. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 ஆகக் குறைந்துவிட்டது. என் பிள்ளை தமிழ் பேச வேண்டும் என்று நினைப்பதில் இனவாதம் இல்லை. ஒரு சிறுபான்மை தன் மொழியைக் காக்க நினைப்பதும், பெரும்பான்மை ஒருவர் ‘அவர்கள் வாசம் பிடிக்காது’ என்பதும் ஒன்றாகாது. ஆனாலும் ‘தமிழர் மட்டும்’ என்று நான் எழுதவில்லை. ‘வீட்டில் தமிழ் பேசப்படும், அதற்கு ஒத்துழைப்பவர் வேண்டும்’ என்று என் விவரக்குறிப்பில் எழுதினேன். வந்த தமிழ்ப் பையன்களில் சிலர் ‘இங்கிலீஷ் போதுமே’ என்று ஒதுங்கினார்கள். ஒரு சீனர் ‘நான் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?’ என்று எழுதினார். அவர்தான் இப்போது என் கணவர். ழகரம் இன்னும் வரவில்லை, ஆனால் அம்மாவோடு மார்க்கெட் போய்த் தமிழில் விலை பேசுகிறார்.

ஆகவே செய்து பார்க்கச் சொல்வது இதுதான். உங்கள் எதிர்பார்ப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இனத்தின் பெயரும் வராமல் எழுதுங்கள். மொழி, மதம், குடிப்பழக்கம், பெற்றோரோடு சேர்ந்து வாழ்வது, பிள்ளை பெறுவது, வேலைக்குப் போவது, எது முக்கியமோ அது. எழுதி முடித்தபின் மனத்தில் இன்னும் ‘ஆனாலும் இன்ன இனம் வேண்டாம்’ என்று ஏதாவது மிஞ்சினால், அந்த மிச்சத்துக்குத்தான் இனவாதம் என்று பெயர். செயலியில் இன வடிகட்டி இருந்தால் அணைத்துவிடுங்கள். யாரையும் கட்டாயப்படுத்திப் பிடிக்க வைக்க வேண்டியதில்லை. கண்ணில் படட்டும், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் ஆளைப் பார்த்துப் பிடிக்காமல் போகட்டும்.

பெற்றோரிடம் பேசுவது தனிக் கலை. தீபாவளி, பொங்கல் மாதிரி வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் எடுக்காதீர்கள். உறவினர் முன்னால் அவர்களால் இறங்கிவர முடியாது. ஒரே இரவில் முடிக்க நினைக்காதீர்கள். ‘நீங்கள் இனவாதி’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என்ன பயம் என்று கேளுங்கள். என் அம்மாவுக்கு இருந்த உண்மையான பயம், சம்பந்தி வீட்டில் தன்னோடு பேச யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மாதக்கணக்கானது. தெரிந்தபின் வழி இருந்தது. என் மாமியாரும் அம்மாவும் சந்தை மலாயில், அதாவது எல்லா இனத்தவரும் பேசிப் பழகிய எளிய மலாயில், பேசிக்கொள்வார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருவரும் அந்தக் காலத்துக் கம்பத்தில் (மலாய் பாணிக் கிராமத்தில்) வளர்ந்தவர்கள், இருவருக்கும் அந்த மலாய் தெரியும். முதல் சந்திப்பிலேயே மீன் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. பயம் தீர்ந்தபின்னும் மறுப்பு தீரவில்லை என்றால், அது அவர்கள் சுமக்க வேண்டியது. அதற்காக உங்கள் வாழ்க்கையை நிறுத்த வேண்டியதில்லை.

அந்தப் பக்கமும் சுலபமாக இல்லை. கணவரின் பாட்டி ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி மட்டும் பேசுபவர். சீனத் திருமணத்தின் தேநீர்ச் சடங்கில் நான் மண்டியிட்டுக் கோப்பையை நீட்டியபோது வாங்கிக் குடித்தார், பணம் வைத்த சிவப்பு உறையும் கொடுத்தார், ஆனால் என்னைப் பார்க்காமல் பேரனிடம் ஏதோ கேட்டார். பிள்ளை என்ன நிறத்தில் பிறக்கும் என்று கேட்டாராம். கணவர் அதை என்னிடம் மறைக்கவில்லை. ‘வயதானவர், விட்டுவிடு’ என்றும் சொல்லவில்லை. பாட்டியிடம் அங்கேயே, ‘எந்த நிறமானாலும் உங்கள் கொள்ளுப் பேரப்பிள்ளைதான்’ என்று ஹொக்கியனில் பதில் சொன்னார். கலப்பு மணம் செய்யப்போகிறவர்கள் துணையிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தன் ஆட்கள் தவறாகப் பேசும்போது யார் பக்கம் திரும்புகிறார்?

இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். 2021 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கலப்பு இணையரை ஒருவர் வழிமறித்து, தன் இனத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று திட்டிய காணொளி வெளியானது. அந்த இரவு நானும் என்னவரும் நெடுநேரம் பேசினோம். தெருவில் இப்படி நடந்தால் யார் பதில் பேசுவது, யார் போனில் பதிவு செய்வது, எப்போது ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவது. வாடகைக்கு வீடு தேடும்போது ‘இந்தியர் இல்லை’ என்று முகவர் சொன்னால் என்னவர் பெயரில் எடுப்பதா, அந்த வீடே வேண்டாம் என்று விடுவதா. நாங்கள் விடுவது என்று முடிவு செய்தோம். சிங்கப்பூரில் நடக்கும் திருமணங்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்று இனம் கடந்த திருமணம். அப்படியிருந்தும் இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் தேவைப்படுகிறது.

எங்களுக்கு மகள் பிறந்தபோது பதிவில் இரட்டை இனம் போடலாம் என்ற வசதி இருந்தது; 2011 முதல் இருக்கிறது. எந்த இனம் முதலில் என்பதில் நடைமுறை விளைவும் உண்டு, வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு வீடுகளில் இருக்கும் இன ஒதுக்கீட்டுக்கு முதல் இனத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதைப் பற்றி இரண்டு குடும்பங்களும் கருத்துச் சொல்ல வந்தன. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். அதோடு இரண்டு வீட்டுக்கும் ஒரே நிபந்தனை வைத்தோம்: பிள்ளை காதுபட நிறத்தைப் பற்றிப் பேசக்கூடாது, ‘வெளுத்திருக்கிறாள்’ என்ற பாராட்டும் கூடாது. பாட்டி ஒப்புக்கொண்டார். பெரியம்மா இன்னும் சில சமயம் மீறுவார். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டு முடித்த கையோடு கிளம்பிவிடுவோம், காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம்.